கூவாத சேவல்: காயடித்தால் கறி கூடுமா?

சீனப் புத்தாண்டு நெருங்கும் வாரத்தில் ஜொகூர் மாநிலத்துச் சிறு பட்டணம் ஒன்றின் சந்தைக்குப் போனால், கோழிக் கூண்டுகளின் பக்கம் சற்று நின்று பாருங்கள். குளுவாங்கானாலும் சரி, யோங் பெங்கானாலும் சரி, மூவாரானாலும் சரி. வழக்கமான வெள்ளைப் பிராய்லர் கோழிகளுக்கு நடுவே சில கூண்டுகளில் மட்டும் ஒரு விசித்திரப் பறவை படுத்திருப்பதைக் காணலாம். வால் இறகு நீண்டு வளைந்து மின்னும். கழுத்து இறகும் சேவலின் இறகேதான். ஆனால் தலையைப் பார்த்தால் கொண்டை சுருங்கி, வெளுத்து, பெட்டைக் கோழியின் கொண்டையைப் போலச் சிறுத்திருக்கும். பக்கத்துக் கூண்டில் இன்னொரு சேவல் கூவினாலும் இது பதிலுக்குக் கூவாது. விலையைக் கேட்டால் உங்களுக்குத் தூக்கிவாரிப் போடும்!

இதுதான் காயடித்த சேவல். மலாய்க்காரர்கள் 'ஆயாம் காசி' என்பார்கள், 'ஆயாம் கெம்பிரி' என்றும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் 'கேப்பன்'. சீனர் வீடுகளில் புத்தாண்டு விருந்துக்கும் முன்னோர் படையலுக்கும் முழுக்கோழியாக அவித்து வைப்பதற்கு இதைத் தேடி வாங்குவார்கள்.

அந்த விலையைக் கேட்டதும் நம்மில் பலருக்கு மனத்துக்குள் ஒரு கணக்கு ஓடும். ஓடாமல் இருக்குமா? வீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டை அடைகாத்துக் குஞ்சு பொரித்தால், அதில் ஏறக்குறையப் பாதி சேவலாகத்தான் இருக்கும். பெட்டை வளர்ந்தால் முட்டை கிடைக்கும். சேவல் வளர்ந்தால் என்ன கிடைக்கும்? மூன்று மாதம் கழிந்ததும் ஒன்றையொன்று கொத்திக்கொண்டு தலையெல்லாம் இரத்தமாக்கும். பெட்டைகளை நிம்மதியாக மேயவிடாது. தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்துவிட்டவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. விடியுமுன் நாலு மணிக்கு அது கூவ ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் விழிக்க முடியாது. சரி, அடித்துச் சாப்பிடலாமென்றால், எட்டு மாதம் பத்து மாதம் ஆன சேவலின் கறி ரப்பராகிவிடுகிறது. பால் மரம் வெட்டிய குடும்பங்களுக்கு ரப்பரின் குணத்தை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, 'இந்தச் சேவல்களைக் காயடித்து வளர்த்தால் என்ன?' என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. இரட்டிப்பு எடை வரும் என்கிறார் ஒருவர். அதெல்லாம் ஹார்மோன் கோழி, தொடாதே என்கிறார் இன்னொருவர். பிளேடு ஒன்று இருந்தால் நாமே செய்துவிடலாமே என்கிறார் மூன்றாமவர். முதல் இருவர் சொல்வதில் உண்மை குறைவு. மூன்றாமவர் சொல்வதில் ஆபத்து அதிகம். ஏன் என்று பார்ப்போம்.

வயிற்றுக்குள் மறைந்திருக்கும் விதை

காளையைக் காயடித்து எருதாக்குவதும், வெள்ளாட்டுக் கிடாயைக் காயடித்து வளர்ப்பதும் நம் முன்னோருக்குக் கைவந்த வேலைகள். காயடித்த கிடாயின் கறியில் அந்தக் கவிச்சை வாடை இருக்காது, கொழுப்பும் கூடும் என்பது ஆடு வளர்த்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் விதை வெளியே தொங்குகிறது. பறவைக்கு அப்படியில்லை. சேவலின் இரண்டு விதைகளும் உடம்புக்குள்ளே, முதுகெலும்பை ஒட்டி, சிறுநீரகத்தின் முனையருகே இருக்கின்றன. இளஞ்சேவலில் அவை ஒரு நெல்மணியளவோ, அதைவிடச் சற்றுப் பெரிதாகவோ இருக்கும். அவற்றை ஒட்டியே உடலின் பெரிய இரத்தக் குழாய் ஓடுகிறது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்ப வருவோம்.

இவ்வளவு சிக்கலான வேலையை மனிதன் எப்போது கற்றுக்கொண்டான் என்று கேட்கிறீர்களா? கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதி வைத்திருக்கிறார். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சேவலின் பின்பக்கத்தில் சுடுவார்களாம். வளர்ந்த சேவலுக்கு அப்படிச் செய்தால் கொண்டை வெளுத்துப்போகும், கூவுவதும் நின்றுவிடும் என்கிறார். சீனத்திலும் இது மிகப் பழைய கலை. தென்சீனத்திலிருந்து மிளகும் காம்பியரும் பயிரிட ஜொகூருக்கு வந்த மக்களின் சந்ததியார் பெருநாள் விருந்தில் இந்தக் கோழியை இன்றும் மறக்கவில்லை.

நம் தமிழரிடையே மட்டும் இந்த வழக்கம் ஏன் வேரூன்றவில்லை? இதற்கு நான் ஒரு காரணம் ஊகிக்கிறேன். நமக்குச் சேவல் என்றால் கறி மட்டுமா? முருகன் கொடியில் நிற்பது சேவல். தோட்டத்து முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் நேர்ந்து விடுவது சேவல். கூவாத சேவலை, கொண்டை சுருங்கிய சேவலைக் காவல் தெய்வத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தலாமா என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். முகம் சுளிப்பார்கள்.

ஆறு சேவல்கள் சொன்ன உண்மை

காயடித்தால் சேவல் ஏன் இப்படி மாறுகிறது? இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜெர்மனி நாட்டில் கோட்டிங்கன் நகரப் பல்கலைக்கழகத்தில் பெர்த்தோல்ட் என்றொரு பேராசிரியர் இருந்தார். அவர் ஆறு இளஞ்சேவல்களை எடுத்துக்கொண்டார். இரண்டுக்கு விதைகளை முழுவதும் நீக்கினார். மற்ற நான்குக்கு விதைகளை அவற்றின் இடத்திலிருந்து பிரித்து, ஒரு விதையை மட்டும் குடல்களுக்கு நடுவே சும்மா போட்டு வைத்தார். சிலவற்றுக்கு அதனதன் விதை, சிலவற்றுக்கு அடுத்த சேவலின் விதை. பிறகு என்ன நடக்கிறதென்று மாதக்கணக்கில் கவனித்தார்.

முழுவதும் நீக்கப்பட்ட இரண்டும் சாதுவாகிவிட்டன. கொண்டை வளரவில்லை, கூவவுமில்லை. மற்ற நான்கும் வழக்கம்போலக் கூவின, சண்டையிட்டன, பெட்டைகளைத் துரத்தின. அவற்றை அறுத்துப் பார்த்தபோது, குடல் நடுவே போட்ட விதை அங்கேயே ஒட்டிக்கொண்டு, புதிதாக இரத்தக் குழாய்கள் வளர்ந்து, உயிரோடு இருந்தது! பழைய நரம்புத் தொடர்பு எதுவும் இல்லை. அப்படியானால் விதையிலிருந்து ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போய்த்தான் சேவலைச் சேவலாக்குகிறது என்று பெர்த்தோல்ட் முடிவு கட்டினார். இதை அவர் வெளியிட்ட ஆண்டு 1849. 'ஹார்மோன்' என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. இன்று நீரிழிவுக்காரர் போட்டுக்கொள்ளும் இன்சுலின் வரை வளர்ந்திருக்கும் ஒரு பெரிய மருத்துவத் துறைக்கு அந்த ஆறு சேவல்கள்தாம் பிள்ளையார் சுழி போட்டன.

1927இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில், காளையின் விதையிலிருந்து எடுத்த சாற்றைக் காயடித்த சேவலுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். சுருங்கிக் கிடந்த கொண்டை மறுபடி சிவந்து வளர்ந்தது! அந்தச் சாற்றில் இருந்த பொருள் 1935இல் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டு, 'டெஸ்டாஸ்டிரோன்' என்று பெயர் பெற்றது. ஆண்மை தரும் ஹார்மோன் அதுதான்.

இந்த ஹார்மோன் இல்லாமல் போனால் சேவலின் உடம்பில் நடப்பது என்ன? கொண்டையும் தாடியும் சுருங்குகின்றன. கூவல் அநேகமாக நின்றுவிடுகிறது. சண்டைக்குணம் தணிகிறது. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் காயடித்த சேவலைக் கொண்டே கோழிக் குஞ்சுகளைத் தாய்போல வளர்க்கச் செய்தார்களாம்! ஆனால் இறகு மட்டும் மாறுவதில்லை. நாம் என்ன நினைப்போம்? சேவலின் அழகு இறகுக்கு ஆண் ஹார்மோன் காரணம் என்றுதானே? உண்மை தலைகீழ். கோழி இனத்தில் அந்தப் பகட்டான இறகு யாருக்கும் இயல்பாக வரக்கூடியது. பெட்டையின் ஹார்மோன்தான் அதை அடக்கிப் பெட்டை இறகாக்குகிறது. அதனால்தான் காயடித்த சேவலின் வால் சந்தைக் கூண்டில் அவ்வளவு பளபளப்பாக நிற்கிறது. காலில் உள்ள முள்ளும் வளர்ந்துகொண்டே போகும்.

எடை கூடுமா?

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம். 'இரட்டிப்பு எடை' என்பது வெறும் பேச்சு. பல நாடுகளில் காயடித்த சேவலையும் காயடிக்காத சேவலையும் ஒரே தீனியில் வளர்த்து நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். சில சோதனைகளில் காயடித்தது சற்று அதிகம் நிறுத்தது. சிலவற்றில் வித்தியாசமே இல்லை. கோழியின் இனம், காயடித்த வயது, எத்தனை மாதம் வளர்த்தார்கள் என்பதையெல்லாம் பொறுத்து முடிவு மாறுகிறது. முதல் மூன்று நான்கு மாதங்களில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. சேவல் பருவமடையும் வயது வந்தபிறகுதான் பாதை பிரிகிறது. சாதாரணச் சேவல் தின்றதையெல்லாம் ஓட்டத்திலும் சண்டையிலும் கூவலிலும் கரைக்கிறது. காயடித்ததோ தின்றுவிட்டுப் படுத்துக்கொள்கிறது.

ஆனால் அது கூட்டிக்கொள்வதில் பெரும்பகுதி கொழுப்பு. வயிற்றுக்குள், தோலுக்கடியில், சதைக்கு இடையில் என்று எங்கும் கொழுப்பு படிகிறது. சதையை வளர்ப்பதைவிடக் கொழுப்பை வளர்க்கத் தீனி அதிகம் செலவாகும். ஆகவே ஒரு கிலோ எடைக்கு ஆகும் தீனிக் கணக்கு, வயது ஏற ஏற உங்களுக்குப் பாதகமாகத்தான் போகும். இன்னொரு குறையும் உண்டு. காயடித்த சேவலின் கால் எலும்பு வலுக் குறைந்துபோவதைத் தைவான் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். கனத்த உடம்பு, வலுக் குறைந்த கால்! பிடிக்கும்போது முரட்டுத்தனமாகக் காலைப் பிடித்து இழுத்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தீனிக் கணக்கையும் ஒரு கை பார்த்துவிடுவோம். வளர்ந்த கோழி நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் தீனி தின்னும். குஞ்சுப் பருவத்தையும் சேர்த்துச் சராசரி 80 கிராம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 160 நாள் வளர்த்தால் ஒரு சேவலுக்கு ஏறக்குறைய 13 கிலோ தீனி. பிராய்லர் கோழியோ 35 நாளில் இரண்டு கிலோ எடை போட மூன்று நான்கு கிலோ தீனியோடு நின்றுவிடும். சந்தையில் அந்தக் கோழியின் விலை ஏன் தூக்கிவாரிப் போட்டது என்று இப்போது புரிகிறதா?

கறி எப்படி?

விலை கொடுத்து வாங்குகிறவர்கள் முட்டாள்களல்லர். கறியில் உண்மையான வித்தியாசம் இருக்கிறது. சேவலுக்கு வயது ஏற ஏற, சதை இழைகளைச் சேர்த்துக் கட்டும் நார் இறுகிக்கொண்டே போகிறது. ஆண் ஹார்மோன் அதற்குத் துணை போகிறது. காயடித்ததில் அந்த இறுக்கம் மட்டுப்படுகிறது. அதோடு சதைக்கு நடுவே மெல்லிய கொழுப்பு படிவதால், வேகும்போது அது உருகிக் கறியை ஈரமாக வைத்திருக்கிறது. அதாவது வயதான கோழியின் ருசியும், இளங்கோழியின் மென்மையும் ஒன்றாகக் கிடைக்கின்றன. 35 நாள் பிராய்லரில் மென்மை உண்டு, ருசி இல்லை. கிழச்சேவலில் ருசி உண்டு, பல் வேண்டும். இரண்டுக்கும் நடுவே நிற்பது இது.

பிரான்சு நாட்டில் பிரெஸ் என்ற வட்டாரத்தில் இதை ஒரு கலையாகவே செய்கிறார்கள். புல்வெளியில் விட்டு, சோளமும் பாலும் கொடுத்து, எட்டு மாதம் வளர்த்து, அறுத்துச் சுத்தம் செய்தபின் துணியில் இறுக்கிச் சுற்றித் தைத்துக் கிறிஸ்துமஸ் சந்தைக்கு அனுப்புகிறார்கள். ஐரோப்பியச் சட்டப்படி 'கேப்பன்' என்ற பெயரில் விற்க வேண்டுமானால், காயடித்த பிறகு குறைந்தது 77 நாள் வளர்த்திருக்க வேண்டும். அறுக்கும்போது வயது 140 நாளுக்குக் குறையக்கூடாது. அவசரத்துக்கு இங்கே இடமில்லை.

கத்தி எடுக்காதீர்கள்

இனி அந்த மூன்றாமவருக்குப் பதில் சொல்வோம். பிளேடை எடுத்து நாமே செய்துவிடலாமா?

வேண்டாம். தேர்ந்த கைகள் இதைச் செய்யும் விதத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். குஞ்சு சின்னதாக இருக்கும்போதே, முதல் நாளே தீனியை நிறுத்திக் குடலைக் காலியாக்கி, கடைசி இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே ஓர் அங்குலத்துக்கும் குறைவாக அறுத்து, உள்ளே முதுகெலும்போடு ஒட்டியிருக்கும் அந்த நெல்மணியைப் பிடித்து முழுசாக வெளியே எடுக்க வேண்டும். நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தப் பெரிய இரத்தக் குழாய், அது பக்கத்திலேயே இருக்கிறது. கருவி ஒரு மயிரிழை தவறினால் குஞ்சு அந்த இடத்திலேயே இரத்தம் வடிந்து சாகும். பயந்துகொண்டு பாதியை உள்ளே விட்டுவிட்டாலோ, விட்ட துணுக்கு மறுபடி வளர்ந்துவிடும். கொண்டையும் வரும், கூவலும் வரும், சண்டையும் வரும். வெட்டியதும் வீண், குஞ்சு பட்ட வேதனையும் வீண். தப்பிப் பிழைத்தவற்றுக்கும் காயத்தின் வழியே காற்று தோலுக்கடியில் புகுந்து பலூன்போல உப்பிக்கொள்வதுண்டு. புண் சீழ்பிடிப்பதும் உண்டு.

வேதனை என்று சொன்னேன். அதை ஒரு சொல்லோடு விட்டுவிட எனக்கு மனமில்லை. பழங்காலம் தொட்டு இந்த வேலை மயக்க மருந்தில்லாமல்தான் நடந்து வந்திருக்கிறது. விழித்திருக்கும் உயிரின் விலாவைத் திறப்பது அது. பிரிட்டனில் சேவலைக் காயடிப்பதற்கே தடை இருக்கிறது. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, பிராணியைக் கொடுமைப்படுத்தினால் 20,000 ரிங்கிட்டிலிருந்து 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. பயிற்சியில்லாத ஒருவர் கொல்லைப்புறத்தில் பிளேடால் கோழியின் வயிற்றைத் திறப்பது அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு எப்படிப் படும்? நான்கைந்து சேவலுக்காக அந்த வம்பு உங்களுக்கு எதற்கு?

ஆசை விடவில்லையென்றால் உங்கள் மாவட்டக் கால்நடை இலாகா அலுவலகத்தில் முதலில் போய்க் கேளுங்கள். ஜொகூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கால்நடைத் துறையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் மலேசியக் கால்நடைக் கழகம் குளுவாங்கில்தான் இருக்கிறது. விவசாய ஆராய்ச்சி நிறுவனமான மார்டியின் நிலையமும் அந்த வட்டாரத்தில் உண்டு. படிப்பு முடித்த பிள்ளைகள் வீட்டில் சும்மா இருந்தால், கோழியை அறுத்துப் பார்ப்பதைவிட அந்தக் கழகத்தில் என்னென்ன படிப்பு இருக்கிறதென்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

கழுத்தில் வைத்த மாத்திரை

அடுத்தது ஹார்மோன் பயம். இது வானத்திலிருந்து விழுந்த பயமல்ல. இதற்கும் ஒரு கதை உண்டு.

கத்தியில்லாமல் சேவலைக் காயடிக்க ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். 'டெஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஒரு செயற்கைப் பெண் ஹார்மோன். அதைச் சிறு மாத்திரையாக்கிச் சேவலின் கழுத்துத் தோலுக்கடியில், தலையை ஒட்டி வைத்துவிடுவார்கள். விதை தானாகவே சுருங்கிவிடும். கொழுப்பும் ஏறும். அமெரிக்காவில் 1947 முதல் இதற்கு அனுமதி இருந்தது. தலையோடு வெட்டி எறியப்படும் இடம்தானே என்று கழுத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தலைகளையும் கழுத்துகளையும் வாங்கி மிங்க் என்ற தோல் விலங்குகளுக்குப் போட்டார்கள் பண்ணைக்காரர்கள். அந்த விலங்குகள் குட்டி போடாமல் மலடாயின! மாத்திரை முழுவதும் கரையாமல் கழுத்திலேயே தங்கியிருந்ததுதான் காரணம். கழுத்தையும் தலையையும் விடாமல் குழம்பில் போடும் சமையற்கட்டுகள் உலகில் எத்தனை என்று நினைத்துப் பாருங்கள். நம் வீடும் அதில் ஒன்றல்லவா?

1959இல் கோழிக்கு டெஸ் கொடுப்பது அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. இதே மருந்தைக் கருச்சிதைவு வராமலிருக்கக் கர்ப்பிணிப் பெண்களுக்கும் கொடுத்து வந்தார்கள். அவர்கள் பெற்ற பெண்பிள்ளைகளில் சிலருக்கு இளம்வயதிலேயே அரிதான ஒரு புற்றுநோய் வருவதை 1971இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் கண்டறிந்து உலகத்தையே அதிரவைத்தார்கள்.

ஆகவே பயத்துக்கு அன்று காரணம் இருந்தது. ஆனால் அறுவை முறையில் காயடித்த சேவலில் ஹார்மோன் கூடுதலாக எதுவும் இல்லை. இருந்ததையும் எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். 'அப்படியானால் இந்தப் பிராய்லர் கோழி 35 நாளில் எப்படி இவ்வளவு வளர்கிறது? ஊசி போடாமலா?' என்று தாய்மார்கள் கேட்பது என் காதில் விழுகிறது. மலேசியாவில் கோழிக்கு ஹார்மோன் கொடுக்க அனுமதியில்லை. கொடுக்க அவசியமும் இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டுக் கோழி வம்சம், 1978ஆம் ஆண்டு வம்சம், 2005ஆம் ஆண்டு வம்சம் மூன்றையும் ஒரே தீனி கொடுத்து ஒன்றாக வளர்த்தார்கள். 56ஆம் நாளில் நிறுத்தபோது முதலாவது 905 கிராம். இரண்டாவது 1,808 கிராம். மூன்றாவது 4,202 கிராம்! தீனி ஒன்றுதான், ஊசி கிடையாது. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனவிருத்தி செய்ததன் பலன் அது. பிராய்லரைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமானால் ஹார்மோனை விட்டுவிட்டு, பண்ணைகளில் கொடுக்கப்படும் கிருமிக்கொல்லி மருந்துகளைப் பற்றிக் கவலைப்படுங்கள். மனிதருக்குக் கடைசிப் புகலாக மருத்துவர்கள் வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தைப் பண்ணைப் பிராணிகளுக்குக் கொடுப்பதை நம் அரசாங்கம் 2019 தொடக்கத்திலிருந்து தடை செய்திருப்பது அதனால்தான்.

இந்த 35 நாள் கோழியே காயடிக்கும் கலையை ஓரங்கட்டிவிட்டது. பருவமடையுமுன் அறுக்கப்படும் சேவலைக் காயடித்து என்ன பயன்? ஜொகூரின் பெரிய பண்ணைகளிலிருந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போகும் லாரிகளில் இருப்பவை பெரும்பாலும் இந்தக் கோழிகள்தாம். 2022 ஜூன் முதல் தேதி நம் அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது அக்கரையில் கோழிச்சோற்றுக் கடைகள் எப்படித் தவித்தன என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பிராய்லருக்கு அக்டோபர் வரை கதவு திறக்கவில்லை. ஆனால் கம்பத்துக் கோழிக்கும் கருங்கோழிக்கும் ஜூன் நடுவிலேயே அனுமதி கிடைத்துவிட்டது. சிறு அளவில் கோழி வளர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தனி ருசியுள்ள கோழிக்குத் தனிச் சந்தை இருக்கிறது.

காயடிக்காமலே என்ன செய்யலாம்?

சேவல் குஞ்சுகளைப் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் பெட்டைகளிடமிருந்து பிரித்துத் தனியாக அடையுங்கள். பெட்டை கண்ணில் படாவிட்டால் சண்டை பாதி குறையும். நான்கு அல்லது ஐந்து மாதத்தில், கறி முற்றுவதற்குள், விற்றுவிடுங்கள் அல்லது அறுத்துவிடுங்கள். 'இன்னும் கொஞ்சம் வளரட்டுமே' என்று இழுத்தால் தீனி நட்டம், கறியும் நட்டம். கடைசி இரண்டு வாரம் ஓடியாட விடாமல் அடைத்து, உடைத்த சோளமும் தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் கலந்து வயிறாரப் போடுங்கள். செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளிக் கொட்டாதீர்கள். அதில் நார் அதிகம், ஓட்டுத் துணுக்கும் கலந்திருக்கும். மாடு அதைச் செரிக்கும், கோழி செரிக்காது.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. கொல்லைக் கோழி வளர்ப்பில் நமக்கு நட்டம் வருவது சேவல் மெலிவதால் அல்ல. வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூண்டு காலியாகிவிடுகிறதே, அதுதான் நட்டம். இந்த நோய்க்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. குளிர்ப்பெட்டியில்லாத கம்பங்களுக்கும் உதவ வேண்டுமென்று, 1980களில் அன்றைய மலேசிய வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய அறிஞர்களோடு சேர்ந்து, வெயிலைத் தாங்கும் 'வி4' என்ற தடுப்பு மருந்தைத் தீனியிலேயே கலந்து கொடுக்கும் முறையை உருவாக்கியது. கோழியைப் பிடிக்கவும் வேண்டாம், ஊசி போடவும் வேண்டாம். உலகத்தின் எத்தனையோ ஏழை நாடுகளுக்கு இந்த முயற்சி வழிகாட்டியது. காயடிப்பதைப் பற்றி விசாரிக்கக் கால்நடை அலுவலகம் போகிறவர்கள், இந்தத் தடுப்பு மருந்தைப் பற்றியும் கட்டாயம் விசாரித்துவிட்டு வாருங்கள். பத்துச் சேவலைக் காயடித்து வரும் இலாபத்தைவிட, பத்துக் கோழி சாகாமல் இருப்பதால் வரும் இலாபம் பெரிது.

வாங்கும்போதும் சமைக்கும்போதும்

பெருநாள் சமயத்தில் ஒன்றை வாங்கித்தான் பார்ப்போமே என்று தோன்றினால், கொண்டையைப் பாருங்கள். சுருங்கி வெளுத்திருக்க வேண்டும். கொண்டை சிவந்து நிமிர்ந்திருந்தால் அது அரைகுறையாகக் காயடித்தது. கறி சாதாரணச் சேவலைப் போலத்தான் இருக்கும், விலையை மட்டும் அதிகம் கேட்பார்கள். கால் முள்ளைத் தொட்டு வயதையும் கணித்துக்கொள்ளலாம்.

அறுத்தவுடன் சட்டியில் போடாதீர்கள். சுத்தம் செய்து ஐஸ் பெட்டியில் நான்கைந்து மணி நேரம் வைத்திருந்தால், விறைத்த சதை தளர்ந்து மென்மையாகும். எந்தக் கம்பத்துக் கோழிக்கும் இது பொருந்தும். சாதாரணச் சேவல்தான் இருக்கிறது என்றால், நம் பாட்டிமார் செய்ததுபோலப் பப்பாளிக்காயை அரைத்துப் பிசறி அரைமணி நேரம் ஊறவைத்துவிட்டுக் குழம்பு வையுங்கள். நாரை அது தளர்த்திவிடும். அளவு மீறினால் கறி கூழாகும், ஜாக்கிரதை.

காயடித்த சேவலுக்குப் பப்பாளி தேவையில்லை. காரமும் குறைவாகவே போதும். மிளகாயை அள்ளிப் போட்டால் எதற்காக அந்த விலை கொடுத்தோம் என்பதே நாக்குக்குத் தெரியாது. சீனர்கள் செய்வதுபோல இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டுக் கொதி வந்ததும் தணலைக் குறைத்து மெதுவாக வேகவிட்டால், அந்த நீரே நல்ல ரசமாகும். குழம்புதான் வேண்டுமென்றால் எண்ணெயையும் தேங்காய்ப் பாலையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கோழியே கொழுப்பு விடும். வயிற்றுக்குள்ளிருந்து எடுக்கும் மஞ்சள் கொழுப்பைத் தூக்கி எறிந்துவிடாமல், சிறு துண்டாக நறுக்கி மெதுவாக உருக்கி வடிகட்டிப் புட்டியில் வையுங்கள். மறுநாள் அதில் ஒரு கரண்டி விட்டு அரிசியை வதக்கிச் சோறு வடித்தால், அக்கரைக் கோழிச்சோற்றுக் கடையின் மணம் உங்கள் அடுப்படியிலேயே வரும். வீட்டில் இரத்தக் கொதிப்போ, கொழுப்புத் தொல்லையோ உள்ளவர்கள் இருந்தால் தோலையும் அந்தச் சோற்றையும் அவர்கள் தட்டில் வைக்காதீர்கள். அவர்களுக்கு நெஞ்சுக்கறியில் இரண்டு துண்டு போதும்.